ஸ்டிக்கர்ல வாட்ஸ் இருக்கு, ஓம்ஸ் இல்ல: வீட்டு கரண்டை நாமளே கணக்கு போட்டுப் பாக்கலாம்

கெய்சர் வாங்கினா அதோட உடம்புல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 2000 வாட்ஸ்னு. அந்த 2000த்தைப் பாத்துட்டு இது எந்நேரமும் 2000 வாட்ஸ்தான் இழுக்கும்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருக்காங்க. ஆனா அது 230 வோல்ட் வந்தா மட்டும் வர்ற கணக்கு. கெய்சருக்குள்ள மாறாம இருக்கிறது அந்த சூடாக்குற காயிலோட ரெசிஸ்டன்ஸ் (கரண்டைத் தடுக்கிற அளவு, ஓம்ஸ்ல சொல்லுவாங்க), அதை மட்டும் எவனும் ஸ்டிக்கர்ல போடுறதில்ல. நாமதான் கண்டுபிடிக்கணும், கண்டுபிடிக்கிறதும் ரொம்ப சுலபம், அதுக்காகத்தான் இந்தப் போஸ்ட்டே.

பத்தாங்கிளாஸ்ல படிச்ச ரெண்டே ரெண்டு ஃபார்முலா போதும். வோல்டேஜை கரண்டால வகுத்தா ரெசிஸ்டன்ஸ். வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினா பவர். 2000 வாட்ஸை 230ஆல வகுத்தா 8.7 ஆம்ப்ஸ், 230ஐ அந்த 8.7ஆல வகுத்தா 26.4 ஓம்ஸ். இதுதான் அந்த கெய்சரோட ஜாதகம். இந்த 26.4ஐ ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டா மத்தது எல்லாம் தானா வரும்.

டெல்டா பக்கம் எங்க ஊர்ல பம்புசெட் எல்லாம் ஒரே நேரத்துல ஓடுற சமயத்துல வோல்டேஜ் 180க்கு இறங்கிடும், லைனோட கடைசில இருக்கிற வீடுகளுக்கு இது பழகிப்போன விஷயம். 180ஐ 26.4ஆல வகுத்தா 6.8 ஆம்ப்ஸ், 180 இன்ட்டு 6.8, சுமாரா 1225 வாட்ஸ். வோல்டேஜ் குறைஞ்சது 22 சதவீதம்தான், ஆனா பவர் 39 சதவீதம் போயிடுச்சு பாருங்க. ஏன்னா வோல்டேஜ் இறங்கும்போது அது கூடவே கரண்டையும் இழுத்துட்டு இறங்குது, ரெண்டும் குறைஞ்சதைப் பெருக்குறோம், அதனால அடி ரெண்டு மடங்கா விழுது. இதைத்தான் வோல்டேஜ் ஸ்கொயர் வகுத்தல் ரெசிஸ்டன்ஸ்னு புக்ல ஒரே வரில எழுதிட்டுப் போயிடுவாங்க.

15 லிட்டர் தண்ணிய 28 டிகிரில இருந்து 50 டிகிரிக்கு ஏத்தணும்னா கிட்டத்தட்ட 1380 கிலோஜூல் வேணும், அதாவது 0.38 யூனிட். ஃபுல் வோல்டேஜ்ல பதினொன்னரை நிமிஷம், 180 வோல்ட்ல பத்தொம்பது நிமிஷம். யூனிட் கிட்டத்தட்ட அதேதான், நேரம்தான் கூடுது. லோ வோல்டேஜ்னால ஹீட்டருக்கு பில்லு எகிறுதுன்னு சொல்றவங்க கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க (மோட்டார் கதை வேற, அதுக்கு அப்புறம் வரேன்).

இதே கணக்கு அமெரிக்கால இருந்து வர்ற சாமானுக்கு இன்னும் பயங்கரமா இருக்கும். அங்க 120 வோல்ட். அங்க வாங்கின 500 வாட்ஸ் ரைஸ் குக்கரோட ரெசிஸ்டன்ஸ் 28.8 ஓம்ஸ், அதை மாத்தாம நம்ம வீட்டு சாக்கெட்ல சொருகினா 230 வகுத்தல் 28.8, எட்டு ஆம்ப்ஸ், 1800 வாட்ஸுக்கு மேல. 500 வாட்ஸுக்கு செஞ்ச தட்டுல 1800 வாட்ஸ் ஏறினா உள்ள இருக்கிற தெர்மல் ஃப்யூஸ் போறது நல்ல நேரம்னு வச்சுக்கணும். இங்க இருந்து 750 வாட்ஸ் அயர்ன் பாக்ஸை அங்க கொண்டு போனா நேர் எதிர், 204 வாட்ஸ்தான் வரும், காட்டன் வேட்டில சுருக்கம் கூட போகாது. ஊருக்குப் போறவங்க வர்றவங்க சாமான் கட்டுறதுக்கு முன்னாடி இந்த ஒரு கணக்கைப் போட்டுட்டா போதும்.

சரி, ரெசிஸ்டன்ஸ் தானே வேணும், மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு ரெண்டு பின்லயும் தொட்டா வந்துடுமேன்னு கேப்பீங்க. கெய்சர், அயர்ன் பாக்ஸ் இதுக்கெல்லாம் வரும் (பிளக்கைக் கழட்டிட்டு, தெர்மோஸ்டாட் ஆன்ல இருக்கும்போது), ஏன்னா அதுல இருக்கிற நிக்ரோம் கம்பி சூடானாலும் ரெசிஸ்டன்ஸ் சில சதவீதம்தான் மாறும். ஆனா பழைய 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்னு கிடைச்சா அளந்து பாருங்க. 40 ஓம்ஸ் கிட்ட காட்டும். 230 ஸ்கொயரை 40ஆல வகுத்தா 1300 வாட்ஸ் வருது, 100 வாட்ஸ் பல்புக்கு! மீட்டர் பொய் சொல்லல, பல்பு ஆறிப்போய் இருக்கு, அவ்வளவுதான். எரியும்போது டங்ஸ்டன் இழை ரெண்டாயிரத்து ஐநூறு டிகிரி கிட்ட போயிடும், அப்ப அதோட ரெசிஸ்டன்ஸ் 529 ஓம்ஸ். ஆறின நிலைல இருந்து பத்து பதிமூணு மடங்கு. ஸ்விட்ச் போட்ட அந்த நொடில ஆறின இழைல கரண்ட் குபுக்குனு பாயறதாலதான் குண்டு பல்பு எல்லாம் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே ஃப்யூஸ் போகும், நீங்களும் பாத்திருப்பீங்க. அதனாலதான் நான் எப்பவும் சொல்றது, பொருள் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போது வோல்டேஜும் கரண்டும் என்னன்னு பாத்து வகுக்கணும். அதுதான் உண்மையான ரெசிஸ்டன்ஸ்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். எந்த ஸ்டிக்கர்லயும் இல்லாத, யாரும் காசு குடுத்து வாங்காத ஒரு ரெசிஸ்டன்ஸ் நிறைய வீட்ல இருக்கு. வீட்டைக் கொளுத்துறதே அதுதான்.

எங்க சித்தி வீட்ல கெய்சர் போட்டா கொஞ்ச நேரத்துல பிளக்கோட பேக்லைட் பிளாஸ்டிக் தீஞ்ச வாசம் வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, பிளக்கைத் தொட்டா கை வைக்க முடியல. யாரோ ஒருத்தர் வந்து பாத்துட்டு "எலிமெண்ட் போயிடுச்சும்மா, கரண்டை அதிகமா இழுக்குது, அதான் பிளக் சூடாகுது, கெய்சரை மாத்திடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். சித்தி எனக்கு போன் பண்ணி "புதுசு எதுடா நல்லாருக்கும்"னு கேட்டாங்க. "வாங்காதீங்க சித்தி, ஞாயித்துக்கிழமை நானும் தம்பியும் வரோம்"னு சொல்லிட்டு மீட்டரை எடுத்துக்கிட்டுப் போனோம்.

என்கிட்ட ஒரு பிளக்-இன் பவர் மீட்டர் இருக்கு, சுவத்து சாக்கெட்ல அதைச் சொருகி, அதுல கெய்சரைச் சொருகிட்டா டிஸ்ப்ளேல வோல்டேஜ், கரண்ட், வாட்ஸ் எல்லாம் ஓடும். எதையும் கழட்ட வேண்டாம், வயரைத் தொட வேண்டாம். 16 ஆம்ப்ஸ் தாங்குறதா பாத்து வாங்கணும், அது ரொம்ப முக்கியம். கெய்சர் ஆஃப்ல இருக்கும்போது 232 வோல்ட் காட்டுச்சு. ஆன் பண்ணினதும் 221, கரண்ட் 8.4 ஆம்ப்ஸ். 221ஐ 8.4ஆல வகுங்க, 26.3 ஓம்ஸ். ஸ்டிக்கர்ப்படி 26.4. எலிமெண்ட், அதாவது அந்த காயில், தங்கமா இருக்கு! அதிகமா எல்லாம் இழுக்கல, சொல்லப்போனா 8.7 இழுக்க வேண்டியது 8.4தான் இழுக்குது.

அப்ப 232க்கும் 221க்கும் நடுவுல காணாமப் போன அந்த 11 வோல்ட் எங்க? இதையும் அதே ஃபார்முலால போடலாம். 11 வகுத்தல் 8.4, 1.3 ஓம்ஸ். ஈபி கம்பத்துல இருந்து சாக்கெட் வரைக்கும் வழில எங்கயோ 1.3 ஓம்ஸ் உக்காந்திருக்கு. 11 இன்ட்டு 8.4, 92 வாட்ஸ், அவ்வளவு சூடு தண்ணிக்குப் போகாம வழிலயே இறங்குது.

ஒரு விஷயம் இங்க கவனமா இருக்கணும், ஈபி வோல்டேஜ் தானாவே ஆடிக்கிட்டு இருக்கும், நாம ஆன் பண்ற அதே நேரத்துல பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டிருந்தா அந்த இறக்கத்தையும் சேத்து நம்ம கணக்குல எழுதிடுவோம். அதனால ஆன், ஆஃப், ஆன், ஆஃப்னு திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அதே 11 வருதான்னு பாத்தோம், வந்துச்சு. இந்த வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ் கணக்கைக் கண்டுபிடிச்ச ஜார்ஜ் சைமன் ஓமுக்கே இந்தத் தலைவலி இருந்திருக்கு. ஜெர்மனில கொலோன் நகரத்துல பள்ளிக்கூட வாத்தியாரா இருந்துகிட்டு அவர் சோதனை பண்ணும்போது, அந்தக் காலத்து பேட்டரி கரண்ட் எடுக்க எடுக்க இறங்கிக்கிட்டே போச்சு, அளவு எதுவும் நிக்கல. அப்புறம் செம்பையும் பிஸ்மத்தையும் இணைச்சு ஒரு முனையைக் கொதிக்கிற தண்ணிலயும் இன்னொரு முனையை ஐஸ்லயும் வச்சு, ஆடாம அசையாம ஒரே மாதிரி இருக்கிற ஒரு சப்ளையை உண்டாக்கிக்கிட்டார். அதுக்கப்புறம்தான் கணக்கு நேரா வந்துச்சு, 1827ல புத்தகமா போட்டார். ஃபார்முலாவை விட அந்த நிலையான சப்ளையைப் பிடிச்சதுதான் எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்ச விஷயம்.

சித்தி வீட்டுக்கு வரேன். தம்பி ஐடிஐ முடிச்சவன், டிபி பாக்ஸ் (வீட்டுக்குள்ள கரண்டைப் பிரிச்சு விடுற பெட்டி) கிட்ட அவன் மல்டிமீட்டரோட நின்னான், நான் பாத்ரூம் வாசல்ல. கெய்சர் ஓடும்போது அங்க எவ்வளவுன்னு கத்திக் கேட்டா "229"ங்கிறான், என் மீட்டர்ல 221. ஆக வெளில இருந்து டிபி வரைக்கும் விழுந்தது 3 வோல்ட்தான், அது சர்வீஸ் வயர்ல சகஜம். டிபில இருந்து சாக்கெட்டுக்குள்ள 8 வோல்ட் விழுது. வயரிங் 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர், தூரம் ஒரு 12 மீட்டர் இருக்கும், போக வர 24 மீட்டர், அந்த சைஸ் வயர் மீட்டருக்கு 7.4 மில்லி ஓம், ஆக 0.18 ஓம்ஸ். 8.4 ஆம்ப்ஸுக்கு ஒன்னரை வோல்ட்தான் விழணும். மிச்சம் ஆறரை வோல்ட்?

ஆறரை வோல்ட் இன்ட்டு 8.4, 55 வாட்ஸ்.

இந்த இடத்துல எனக்கு நிஜமாவே பகீர்னு ஆயிடுச்சு. ரேடியோ ரிப்பேர் கடைல வச்சிருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ், அது ஈயத்தை உருக்கி ஓட விடும். அந்த மாதிரி ரெண்டு சால்டரிங் அயர்னை ஒரு பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள்ள சொருகி சுவத்துல பதிச்சு வச்ச மாதிரி இருந்திருக்கு, தினமும் காலைல, பசங்க குளிக்கிற பாத்ரூமுக்கு வெளில.

மெயினை ஆஃப் பண்ணிட்டு, டெஸ்டர் வச்சுப் பாத்துட்டு சாக்கெட்டைக் கழட்டினோம். பேஸ் வயர் மாட்டியிருந்த ஸ்க்ரூ ஒரு முழு சுத்து லூஸ். வயரோட சிவப்புத் தோல் ஒரு இஞ்ச்சுக்கு பழுப்பா மாறி, தொட்டா உதிருது. உள்ள இருக்கிற பித்தளை நாக்கு நீலம் பாரிச்சு, பிடிப்பே இல்லாம விரிஞ்சு கிடக்கு. இது ஒரு சுழல் மாதிரி, லூஸா இருந்தா சூடாகும், சூடானா ஆக்சைடு படியும், பித்தளையோட ஸ்ப்ரிங் தன்மை போயிடும், அதனால இன்னும் லூஸாகும், ரெசிஸ்டன்ஸ் இன்னும் ஏறும்.

இதுல கொடுமை என்னன்னா எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்) இதைக் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது. எம்சிபி ட்ரிப் ஆகணும்னா கரண்ட் கூடணும், இங்க கரண்ட் குறையுது. கரண்ட் லீக் ஆனா ஆஃப் ஆகுற ஆர்சிசிபியும் ட்ரிப் ஆகாது, ஏன்னா எர்த்துக்கு எதுவும் லீக் ஆகல, போன கரண்ட் ஒழுங்கா திரும்பி வருது. சூடு மட்டும் ஒரு இடத்துல சேந்துக்கிட்டே இருக்கும். அதே சாக்கெட்ல டேபிள் ஃபேன் போட்டா ஒன்னுமே தெரியாது, கால் ஆம்ப்ஸ்தான் போகும், அந்த லூஸ் காண்டாக்ட்ல வர்ற சூடு ஒரு வாட்ல இருபதுல ஒரு பங்கு கூட இல்ல. கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு, ஜேம்ஸ் ஜூல் 1841லயே எழுதிட்டார் இதை. அதனால "இந்த சாக்கெட் நல்லாதானே வேலை செய்யுது"ன்னு ஃபேனைப் போட்டுப் பாத்து முடிவு பண்ணாதீங்க, எட்டு பத்து ஆம்ப்ஸ் இழுக்கிற சாமானைப் போட்டு வோல்டேஜ் எவ்வளவு விழுதுன்னு பாருங்க.

தம்பி கருகின வயரை நல்ல காப்பர் தெரியிற வரைக்கும் வெட்டிட்டு புது சாக்கெட் மாட்டினான், கெய்சரோட பிளக்கையும் மாத்தினோம், அதோட பின்னும் கருத்துப் போயிருந்துச்சு, பழைய பிளக்கை புது சாக்கெட்ல சொருகினா புதுசையும் கெடுத்துடும். திரும்ப ஆன் பண்ணினா 227 வோல்ட், 8.6 ஆம்ப்ஸ். கெய்சரை மாத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, பல்லாயிரம் ரூபா போயி, அந்த 55 வாட்ஸ் அப்படியே சுவத்துக்குள்ள இருந்திருக்கும்.

மீட்டர் பத்தி கொஞ்சம். கடைல சல்லிசா கிடைக்கிற அந்த மஞ்சக் கலர் டிடி-830 வகை மல்டிமீட்டர்ல ஏசி வோல்டேஜ் பாக்கலாம், ஆனா ஏசி கரண்ட் பாக்கவே முடியாது, அதுல இருக்கிற 10 ஆம்ப்ஸ் ஓட்டை டிசிக்கு மட்டும். அந்த ஓட்டைல ப்ரோப்பை வச்சுக்கிட்டு சாக்கெட்ல சொருகினா நேரா ஷார்ட் சர்க்யூட், கையில வெடிக்கும், தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க. கரண்டுக்கு கிளாம்ப் மீட்டர்தான். அதுலயும் ஒரே ஒரு வயரைத்தான் கவ்வணும், பேஸ் இல்லன்னா நியூட்ரல். பிளக் கேபிளை மொத்தமா கவ்வினா போற கரண்டும் வர்ற கரண்டும் ஒன்னை ஒன்னு அடிச்சுக்கிட்டு சைபர் காட்டும், மீட்டர் ரிப்பேர்னு கடைக்காரர் கிட்ட திருப்பிக் குடுத்தவங்க எல்லாம் இருக்காங்க.

இன்னொன்னு, இந்த வகுத்தல் பெருக்கல் எல்லாம் ஹீட்டர் ஜாதிக்குத்தான் அப்படியே பொருந்தும். ஃபேன், மிக்சி, மோட்டார்னு வந்துட்டா வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கி வர்றதை பவர் ஃபேக்டராலயும் பெருக்கினாதான் உண்மையான வாட்ஸ், ஏன்னா காயில் உள்ள போற கரண்ட் வோல்டேஜோட ஒத்துப் போகாம பின்தங்கி வரும். அதே மாதிரி போர் மோட்டார் லோ வோல்டேஜ்ல கெய்சர் மாதிரி பம்மாது. தண்ணிய மேல ஏத்துற வேலை அப்படியே இருக்கிறதால குறைஞ்ச வோல்டேஜுக்கு ஈடா கரண்டை அதிகமா இழுக்கும், வைண்டிங்ல சூடு ஏறும், எரியும். வோல்டேஜ் ரொம்ப இறங்குற ஊர்ல ரீவைண்டிங் கடைக்கு வேலை ஓயாம இருக்கிறதுக்கு இதுதான் காரணம். செல்போன் சார்ஜர், டிவி இதெல்லாமும் அந்த கட்சிதான், உள்ள இருக்கிற சர்க்யூட் தனக்கு வேண்டிய வாட்ஸை எடுத்தே தீரும்.

எந்த மீட்டரும் வாங்க வேண்டாம், சும்மா வீட்டோட மொத்த வாட்ஸ் மட்டும் தெரிஞ்சா போதும்னா ஈபி மீட்டரே சொல்லும். அதுல ஒரு சிவப்பு லைட் மினுக்கு மினுக்குனு மின்னும், பக்கத்துலயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல்னு எழுதியிருக்கும், எங்க வீட்டு மீட்டர்ல 3200. ஒரு யூனிட்ங்கிறது 36 லட்சம் ஜூல், 3200ஆல வகுத்தா ஒரு மின்னலுக்கு 1125 ஜூல். போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு பத்து மின்னலுக்கு எத்தனை செகண்டுன்னு பாத்து, 11250ஐ அந்த செகண்டால வகுத்தா வாட்ஸ். அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டுப் பாத்தேன், பத்து மின்னலுக்கு 15 செகண்ட், 750 வாட்ஸ், ஸ்டிக்கர்ல இருக்கிறதும் அதேதான். மீட்டரே பவர் ஃபேக்டரையும் சேத்து எண்ணிடுறதால ஃபேன், மோட்டார் எல்லாத்துக்கும் இது சரியா வரும்.

ராத்திரி ஃபேன் லைட் ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் போய் பாத்தா அப்பவும் நிமிஷத்துக்கு ஒரு தடவை மின்னுச்சு. 1125 வகுத்தல் 60, கிட்டத்தட்ட 19 வாட்ஸ். ரெண்டு மாசத்துக்கு 1440 மணி நேரம், 27 யூனிட். அவ்வளவும் யாரும் எதையும் பாக்காம தூங்குற நேரத்துக்கும் சேத்துப் போயிக்கிட்டு இருக்கு. ஒவ்வொன்னா பிளக்கைப் பிடுங்கிட்டு மின்னல் எவ்வளவு தள்ளிப் போகுதுன்னு எண்ணினதுல பாதிக்கு மேல செட்டாப் பாக்ஸ்தான், ரிமோட்ல ஆஃப் பண்ணினாலும் அது உள்ள முழிச்சுக்கிட்டே இருக்கு. இப்ப படுக்கப் போகும்போது அதை ஸ்விட்ச்லயே ஆஃப் பண்ணிடுறோம், மோடம் மட்டும் ஓடிட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம்.